முன் ஷாக்கைத் திறந்து பார்த்தீர்களா?

ஷார்ஜா சனையாவில், அதாவது தொழிற்பேட்டையில், மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவர் முதலில் கேட்பது சைலன்சர், லைட், சீட் கவர் இவற்றைப் பற்றித்தான். முன் ஷாக்கை, அதாவது ஃபோர்க்கைப் பற்றித் தானாக வந்து கேட்பவர் அபூர்வம். ஆயில் ஒழுகி முன் பிரேக்கை நனைத்து, பிடித்த இடத்தில் வண்டி நிற்காமல் போன பிறகுதான் அந்த இரண்டு குழாய்கள் ஞாபகத்துக்கு வரும்.

நான் சென்னைப் புதுப்பேட்டையில் புல்லட் பட்டறையில் தொழில் கற்றவன். எண்பதுகளின் கடைசியில் இந்த ஊருக்கு வந்தேன். வளைகுடாவில் எங்கே போனாலும் சனையா உண்டு. அபுதாபிக்காரர்களுக்கு முசஃபா, குவைத்தில் ஷுவைக், மஸ்கட்டில் வாதி கபீர். அங்கெல்லாம் நம் பிள்ளைகள் கையில் ஸ்பேனரோடு நிற்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களைப் போலவே இங்கே வந்து உழைக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். ஒரு பழைய ட்ரையல்ஸ் வண்டியை வைத்துச் சொல்லுகிறேன்.

ட்ரையல்ஸ் வேகப் பந்தயம் இல்லை. பாறை, ஓடை, மரவேர், செங்குத்துச் சரிவு இவற்றின் நடுவே குறித்துவிட்ட பாதையில் கால் தரையில் படாமல் ஓட்டி முடிக்க வேண்டும். ஒரு தடவை கால் ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு தடவைக்கு 2, அதற்குமேல் எத்தனை தடவை ஊன்றினாலும் 3, பாதையை முடிக்கவே முடியாமல் போனால் 5. குறைந்த புள்ளி வாங்கியவருக்கு வெற்றி. மனிதன் நடக்கிற வேகம்தான், பல இடங்களில் அதைவிட மெதுவு. ஓட்டுபவர் உட்காருவதில்லை. ஃபுட்ரெஸ்டில் நின்றபடியே உடம்பைச் சாய்த்துச் சாய்த்து வண்டியை நடத்துவார்.

இந்த விளையாட்டின் பெரிய மேடை ஸ்காட்லாந்தில், ஃபோர்ட் வில்லியம் ஊரைச் சுற்றி ஆறு நாள் நடக்கும் போட்டி. நம் புல்லட்டின் குடும்பத்துக்கு அங்கே பெயர் உண்டு. ஜானி பிரிட்டன் என்பவர் 1952-லும் 1957-லும் ராயல் என்ஃபீல்டில் அதை வென்றார். 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரிலிருந்து வெளியே வந்த புல்லட் அதே வம்சம்தான். போலீஸ் வண்டி, பால்காரர் வண்டி என்று நாம் பார்த்துப் பழகிய வண்டியின் உறவுக்காரன் ஸ்காட்லாந்து மலையில் பாறை ஏறியிருக்கிறான் என்று என் மேஸ்திரி சொன்ன நாளில் எனக்கு உண்டான பெருமை இன்னும் குறையவில்லை.

அந்தக் காலத்து நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளின் ஆட்சியை முடித்துவைத்தது ஸ்பெயின் நாட்டு புல்டாகோ. பார்சிலோனா பக்கத்தில் பிரான்சிஸ்கோ புல்டோ 1958-ல் தொடங்கிய கம்பெனி அது. 1964-ல் சாமி மில்லர் என்ற சாம்பியனை அழைத்து ஒரு ட்ரையல்ஸ் வண்டி செய்து தரச் சொன்னார் புல்டோ. அப்படிப் பிறந்தது ஷெர்பா டி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின், எடை சுமார் 90 கிலோ. அடுத்த வருஷமே, 1965-ல், அந்த ஆறு நாள் போட்டியை மில்லர் அதிலேயே ஜெயித்தார். அதற்கு முன்பு அதே மனிதர் கனமான ஏரியல் வண்டியிலும் ஜெயித்தவர். அந்த ஏரியலிலும் வருஷக்கணக்காக அவர் செய்த வேலை, வேண்டாததைக் கழற்றி எடையைக் குறைத்ததுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பட்டறைக்கு வந்தது எழுபதுகளின் ஷெர்பா ஒன்று. துபாயில் நெடுங்காலம் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர் அதைக் கப்பலில் வரவழைத்திருந்தார். ஹத்தா, ஷவ்கா, வாதி அல் ஹெலோ பக்கம் ஹஜர் மலையின் வறண்ட ஓடைகள் ட்ரையல்ஸுக்கென்றே படைத்த மாதிரி இருக்கும். மணல் நாடு என்று நாம் சொல்லும் அமீரகத்தின் கிழக்குப் பக்கம் முழுக்கக் கல்தான். தலையளவு உருண்டைக் கல், அதன்மேல் முழங்கால் உயரப் பாறை, நடுவே சரளை. அங்கே வண்டியை எடுத்துப் போனவருக்கு முன்சக்கரம் கல்லில் மோதி மோதித் துள்ளியது. கை மரத்துப் போயிற்று. 'ஃபோர்க் பழசு, பலமில்லை' என்று அவர் முடிவு கட்டிவிட்டார். புது மோட்டோகிராஸ் வண்டியிலிருந்து கழற்றிய தலைகீழ் ஃபோர்க் ஒன்றை விலைக்கு வாங்கிக் கையோடு கொண்டுவந்தார். தங்க நிறம், 48 மில்லி தடிமன். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். என் பட்டறைப் பையன்கள் சுற்றி நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

'இதை மாட்டிக் கொடுங்கள்' என்றார். ஒரு வாரம் டைம் கேட்டேன். முதலில் பழையதைத் திறந்து பார்க்கிறேன், அப்புறம் நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்று சொன்னேன். மனிதர் எஞ்சினியர் அல்லவா, ஒத்துக்கொண்டார்.

புது ஃபோர்க்கை ஏன் உடனே மாட்டவில்லை? அது நல்ல பொருள்தான். ஆனால் வேறொரு வேலைக்காகப் பிறந்த பொருள். மோட்டோகிராஸ் வண்டி வேகமாகப் பறந்து வந்து தரையில் விழும். அந்த அடியைத் தாங்க அதன் ஃபோர்க் சுமார் 300 மில்லி அமுங்கும், ஸ்பிரிங்கும் விறைப்பாக இருக்கும். ட்ரையல்ஸ் வண்டி நடக்கிற வேகத்தில் ஒரு கல்லின்மேல் சக்கரத்தை வைத்து ஏறும். அதற்கு வேண்டியது இளக்கமான ஸ்பிரிங், சின்ன அசைவுக்கும் தயங்காமல் வழுக்கும் குழாய். விறைத்த ஃபோர்க் அந்த வேகத்தில் அமுங்கவே அமுங்காது. கல் தரும் அடி நேராக ஹேண்டிலுக்கும், ஹேண்டிலிலிருந்து தோளுக்கும் வரும். எந்த வலிக்காக மாற்றுகிறாரோ அந்த வலி கூடும்.

அத்தோடு போகாது. நீளமான ஃபோர்க் மாட்டினால் வண்டியின் முன்பக்கம் தூக்கும், ஃபோர்க் சாய்மானம் கூடும், முன்சக்கரம் தள்ளிப் போகும். நேர் ரோட்டில் அது உறுதியாகத் தெரியும். பாறைக்கு நடுவே திருப்ப வேண்டிய இடத்தில் வண்டி திரும்ப மறுக்கும். தலைகீழ் ஃபோர்க்கின் தடித்த பாகம் மேலே இருப்பதால், ஹேண்டிலை முழுசாகத் திருப்பினால் டேங்க்கில் போய் இடிக்கும். ட்ரையல்ஸ் வண்டிக்கு உயிரே அந்த முழுத் திருப்பம்தான். அதை இடிக்காமல் வைக்க வேண்டுமானால் திருப்பத்தைக் குறைத்து ஸ்டாப்பர் வைக்க வேண்டும். கிளாம்ப்பின் அளவு வேறு, நடுத்தண்டு வேறு, கோன் செட் வேறு, சக்கரம் வேறு, பிரேக் வேறு. ஒரு பாகத்தை மாற்றப் போய் வண்டியின் முன்பாதி முழுவதையும் மாற்ற நேரும். கடைசியில் ஷெர்பா என்று சொல்ல எஞ்சினும் டேங்க்கும்தான் மிஞ்சும்.

பழைய ஃபோர்க்கைக் கழற்றினோம். அதன் குழாய் 35 மில்லி. கீழே உள்ள போல்ட்டைத் திறந்தபோது வந்தது ஆயில் என்று சொல்ல முடியாது. கறுத்த குழம்பு, அடியில் மண். ஃபோர்க் ஆயிலுக்கு வேலை வெறும் வழுவழுப்பு இல்லை. ஸ்பிரிங் அமுங்கி எழும்போது அதைப் பிடித்து நிறுத்துவது அந்த ஆயில்தான். உள்ளே ஒரு டேம்பர் தண்டில் சின்னத் துளைகள் இருக்கும். ஆயில் அந்தத் துளை வழியாகப் போக நேரம் எடுக்கும், அந்தத் தாமதமே அடியை ஆற்றும். ஆயில் கெட்டால் துளைக்கு வேலை இல்லை. ஸ்பிரிங் மட்டும் தனியாகத் துள்ளும். அவர் சொன்ன துள்ளல் அதுதான். இந்த ஊர்க் கோடையில், 45 டிகிரியில், ஆயில் இன்னும் நீர்த்துப் போகும். ஐரோப்பாக் குளிருக்கு எழுதிய புத்தகத்தில் இருக்கும் ஆயில் நம்பரைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றக் கூடாது.

அடுத்தது குழாய். இரண்டு வி பிளாக்கின்மேல் வைத்து, டயல் கேஜ் முள்ளைத் தொடவிட்டுக் கையால் மெதுவாக உருட்டினால், கண்ணுக்குத் தெரியாத பெண்டும் தெரியும். ஒரு குழாயில் கிளாம்ப்புக்குக் கீழே பெண்டு இருந்தது. என்றோ ஒரு பாறையில் வாங்கிய அடி. பெண்டான குழாய் ஒவ்வொரு தடவை அமுங்கும்போதும் புஷ்ஷில் உரசிப் பிடிக்கும், ஒரு கணம் நின்று பிறகு திடீரென்று இறங்கும். இன்னொரு குழாயில் சீல் ஓடும் இடத்தில் குரோம் பொத்தல் பொத்தலாக அரித்திருந்தது. கடலோரத்து உப்புக் காற்றின் வேலை அது. பழைய வண்டிகளில் ஃபோர்க்கை மூடி ரப்பர் உறை இருக்கும். மண் போகாமல் அது காக்கும், ஆனால் வண்டி கழுவிய தண்ணீர் உள்ளே தங்கினால் அதுவே துருவுக்கு வீடு. வருஷம் ஒரு தடவையாவது உறையை இறக்கித் துடைக்க வேண்டும். மூடி வைத்திருக்கிறோம் என்பதால் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பது பெரிய ஏமாற்றம்.

பெண்டை பிரஸ்ஸில் வைத்து எடுத்தோம். அரித்த குழாயின் பழைய குரோமை எடுத்துவிட்டு, கடினக் குரோம் பூசி, அளவுக்கு அரைத்து வாங்கினோம். புது புஷ் லேத்தில் கடைந்தோம். புது ஆயில் சீல். பழைய ஸ்பிரிங் தளர்ந்து நீளம் குறைந்திருந்தது. அவரோ கொஞ்சம் கனத்த மனிதர். அவர் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் வரவழைத்தோம். இங்கேதான் உண்மையான அப்கிரேட் நடந்தது, அதை நான் மறுக்கவே மாட்டேன். பழசு என்பதற்காக எல்லாவற்றையும் அப்படியே வைத்துப் பூஜை செய்கிறவன் நான் அல்ல. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சீலைவிட இன்றைய சீல் நல்லது, இன்றைய ஆயில் நல்லது. அவற்றைப் போடாமல் இருப்பது முட்டாள்தனம்.

பிறகு அளவு. அவரை ஃபுட்ரெஸ்டில் நிற்கச் சொல்லி, அவர் எடையில் ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தோம். மொத்த அமுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இறங்கினால் சரி. அதற்குத் தக்கபடி ஸ்பிரிங் தலையில் வைக்கும் குழலை நறுக்கினோம். கடைசியாக, பலர் செய்யாமல் விடும் ஒரு காரியம். சக்கரத்தை மாட்டியதும் அச்சை உடனே இறுக்கக் கூடாது. அச்சின் கிளாம்ப்பைத் தளர்த்திவிட்டு, முன்பக்கத்தைப் பல தடவை அமுக்கி எழுப்ப வேண்டும். இரண்டு காலும் தாமாக நேர்கோட்டுக்கு வந்து நிற்கும். அதன் பிறகு இறுக்க வேண்டும். அவசரத்தில் இறுக்கிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த சாமானும் அப்போது வேலை செய்யாது.

அவர் வண்டியை ஷவ்கா பக்கம் எடுத்துப் போய்விட்டுத் திரும்பி வந்தார். தங்க நிற ஃபோர்க்கை விற்றுத் தரச் சொன்னார். விற்றும் கொடுத்தேன்.

முன் ஃபோர்க்கின் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இங்கிலாந்தின் கிரீவ்ஸ் கம்பெனியின் கதை. பெர்ட் கிரீவ்ஸ் என்பவர் உடம்பு செயலற்ற தன் உறவினர் டெர்ரி பிரஸ்டன் காபுக்காகச் சக்கர நாற்காலிக்கு மோட்டார் வைத்துக் கொடுத்தவர். அதுவே இன்வாகார் என்ற ஊனமுற்றோர் வண்டிக் கம்பெனியாக வளர்ந்தது. பின்னாலே 1950-களில் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். உலகமே டெலஸ்கோப்பிக் ஃபோர்க்குக்கு மாறிக்கொண்டிருந்த காலம். பி.எம்.டபிள்யூ 1935-லேயே ஆயில் உள்ள டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை விற்பனை வண்டியில் போட்டுவிட்டது. கிரீவ்ஸோ ரப்பர் புஷ் முறுக்கிலேயே வேலை செய்யும் தனிவித ஃபோர்க் வைத்தார். ஆனாலும் ட்ரையல்ஸிலும் ஸ்கிராம்பிள் என்ற கரட்டுப் பாதைப் பந்தயத்திலும் அந்த வண்டி நல்ல பெயர் எடுத்தது. எல்லோரும் எதை மாட்டுகிறார்கள் என்று பார்க்காமல், யாருக்காக, எந்த வேலைக்காகச் செய்கிறோம் என்று பார்த்த மனிதர் என்றுதான் அவரை நினைக்கிறேன்.

இப்போது நம் வாழ்க்கைக்கு வருகிறேன். இந்த ஊரில் நாம் செலவு செய்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற பாகத்துக்கு. ஊரில் வீடு கட்டுகிறோம், எலிவேஷனுக்கு கிரானைட் பதிக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரன் இரண்டு மாடி என்றால் நாம் மூன்று. அந்த வீட்டில் இரண்டு வயசானவர்கள் கீழ் அறையோடு சரி. மூன்று மாடி நம் வேலைக்கு ஏற்றதா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. கடன் மட்டும் மோட்டோகிராஸ் ஃபோர்க் மாதிரி விறைப்பாக நிற்கிறது, இங்கே ஒரு மாசம் சம்பளம் தாமதமானால் அந்த அடி நேராகத் தோளுக்கு வருகிறது.

உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்கிறோமா? என்னிடம் வந்து உட்காரும் பிள்ளைகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, 'உன் பேசிக் எவ்வளவு?' பலருக்கு மொத்தச் சம்பளம் தெரியும், பேசிக் தெரியாது. அமீரகச் சட்டப்படி வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி அந்த அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் சம்பளம், அதற்குமேல் வருஷத்துக்கு 30 நாள், எல்லாம் சேர்ந்து இரண்டு வருஷச் சம்பளத்தைத் தாண்டாது. அலவன்ஸாகப் பெரிய தொகை காட்டி, பேசிக்கைச் சின்னதாக எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இருபது வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்து மனம் உடைந்தவர்களை நான் அறிவேன். வேலை மாறும்போது மொத்தத் தொகை கூடுகிறதா என்று மட்டும் பார்க்காதே தம்பி, காகிதத்தைத் திறந்து பேசிக்கைப் பார்.

உடம்பும் அப்படித்தான். சர்க்கரை இருக்கிறதா என்று தெரியாமலே நாற்பதைத் தாண்டுகிறவர்கள் ஒவ்வொரு கேம்ப்பிலும் உண்டு. கண்ணாடி, வாட்ச், ஷூ எல்லாம் புதுசு. ரத்தத்தைச் சோதித்த நாள் மட்டும் நினைவில் இல்லை. வேலைக்கு வரும்போது கட்டாயமாக எடுக்கும் இன்ஷூரன்ஸ் பற்றியும் பலருக்குத் தெரியாது. இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில், அதாவது வெளிநாட்டு வேலைக்குக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில், வந்தவர்களுக்கு இந்திய அரசின் பிரவாசி பாரதீய பீமா யோஜனா உண்டு. வெளிநாட்டில் விபத்தில் உயிர்போனாலோ நிரந்தரமாக முடங்கிப்போனாலோ 10 லட்சம் ரூபாய். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய் பிரீமியம். அந்தத் தாளை வீட்டில் ஒருவரிடமாவது கொடுத்துவைத்திருக்கிறீர்களா? காலாவதி ஆன பிறகு புதுப்பித்தீர்களா?

உறவையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். போன் பேசும்போது துள்ளுகிறது, கோபம் வருகிறது என்று சொல்லி, இந்த உறவே சரியில்லை, வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன் என்று முடிவெடுக்கிறவர்களைப் பார்க்கிறேன். சிலதை மாற்றத்தான் வேண்டும், குழாய் வெடித்துப் போயிருந்தால் மாற்றாமல் என்ன செய்வது. ஆனால் திறந்து பார்த்துவிட்டு மாற்றுங்கள். வருஷக்கணக்கில் ஆயில் மாற்றாமல் ஓட்டிவிட்டு ஃபோர்க் மேல் பழி போடுவது நியாயம் இல்லை. லீவில் போகும்போது நகையும் பெர்ஃப்யூமும் கொண்டுபோவதோடு, மனைவியிடம் பத்து நாள் உட்கார்ந்து கேட்டால் தெரியும், எந்த இடத்தில் மண் சேர்ந்திருக்கிறது என்று.

கடைசியாக, டெலிவரி ஓட்டும் பிள்ளைகளுக்கும் அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும். ஷார்ஜா, துபாய், தோஹா, மனாமா எங்கும் உங்களைப் பார்க்கிறேன். மொபைல் ஸ்டாண்ட், கூடுதல் லைட் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. பின்னால் பெட்டியின் கனம், நாள் முழுக்க ஸ்பீட் பிரேக்கர். முன் ஷாக்கைச் சுற்றி எண்ணெய் வளையம் படிந்து, அதில் மண் ஒட்டியிருக்கிறது. இன்று ஷிஃப்ட் தொடங்கும் முன் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை அமுக்கிப் பாருங்கள். உடனே துள்ளி எழுந்தாலோ, 'டக்' என்று சத்தம் வந்தாலோ, விரலால் தடவினால் எண்ணெய் ஒட்டினாலோ வண்டியை எடுக்காதீர்கள். சீல் லேசாகக் கசிந்தால், பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு மெல்லிய துண்டு வெட்டிச் சீலுக்கும் குழாய்க்கும் நடுவே சுற்றி எடுத்தால், உள்ளே சிக்கிய மணல் வெளியே வரும். பாதி நேரம் கசிவு அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் இரண்டு சீலும் அரை லிட்டருக்கும் குறைவான ஆயிலும்தான் செலவு, அரை நாள் வேலை. முதலாளிமார்களே, கோடை தொடங்கும் முன் உங்கள் எல்லா வண்டிக்கும் இதைச் செய்து கொடுங்கள். வண்டியின் மேல் இருப்பது ஒரு குடும்பத்தின் பிள்ளை.